நித்திரையைக் குழப்பாமல்

கொட்டாஞ்சேனைச் சாவீட்டில் முதல் தேத்தண்ணி ஜீவராஜுக்குத்தான் வந்தது.

செத்துப்போன நமசிவாயத்தின் மனைவி இராமலெட்சுமி, அழுத கண்ணோடு தானே எழும்பி வந்து அவன் கையில் கோப்பையைத் திணித்துவிட்டுப் போனாள். பெரியவர்கள்கூட நகர்ந்து கதிரை கொடுத்தார்கள்.

அவன் வந்தது அவளிடம் ஒன்றைச் சொல்ல. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

கேற்றடியில் கஜேந்திரன் நின்றான். அவனை ஒருத்தரும் வாவென்று சொல்லவில்லை. தேத்தண்ணித் தட்டும் அவனைக் கண்டு திரும்பிப் போனது.

எல்லாம் அந்த வெள்ளவத்தைப் பெட்ரோல் வரிசையால் வந்தது.

பெட்ரோல் வரிசை என்றால் தெரியும்தானே. கூடப்பிறந்தவனென்றாலும் அங்கே முந்தத்தான் பார்ப்பான். முன்னால் நிற்பவனோடு பெட்ரோல் முடிந்துவிட்டால், பின்னால் நிற்பவனுக்குக் கையை விரித்துவிடுவார்கள்.

அன்றைக்குக் காலை வரிசை அசைந்தபோது, ஜீவராஜுக்கு முன்னால் நின்ற ஓட்டோ அசையவில்லை. எட்டிப் பார்த்தால், நமசிவாயம் சீட்டில் சாய்ந்து பெரிய குறட்டை. இரவெல்லாம் வரிசையில் காய்ந்த மனுசன், பாவம்.

சுற்றிக்கொண்டு முன்னுக்குப் போயிருக்கலாம். பின்னால் நின்ற கஜேந்திரன் அதைத்தான் சொன்னான். வரிசையில் நித்திரை கொண்டால் இடம் போச்சு என்று கத்தி ஹோர்னை அமத்தினான். அதற்கும் மனுசன் அசையாமல் போகவே, உலுப்பி எழுப்ப இறங்கி வந்தான்.

ஜீவராஜுக்கு வந்ததே கோபம். கொலரில் பிடித்து அவனைத் திருப்பி அனுப்பினான். நமசிவாயத்தின் ஓட்டோவைத் தானே தள்ளினான். பிறகு திரும்பி வந்து தன்னுடையதைத் தள்ளினான்.

சும்மா சொல்லக்கூடாது, அதுவரை ஆளை ஆள் முறைத்துக்கொண்டு நின்ற வரிசை அதோடு மாறிவிட்டது. ஒவ்வொருவராய் இறங்கித் தோள்கொடுத்தார்கள். ஒருவர் வெயில் படாமல் துவாய் கட்டிவிட்டார். ஹோர்ன் அடித்தவனை எல்லாரும் சேர்ந்து ஏசினார்கள்.

மத்தியானத்தோடு குறட்டையும் அடங்கியது. இப்பதான் ஆளுக்கு நல்ல நித்திரை என்று ஜீவராஜ் சிரித்தான்.

பெட்ரோல் ஷெட்டுக்குள் போய், பம்ப்காரன் தோளில் தட்டியபோதுதான் நமசிவாயத்தின் தலை சரிந்தது.

இராமலெட்சுமி மறுபடி வந்து அவன் காலடியில் நிலத்தில் குந்தினாள்.

"எழுப்ப வந்தவனையும் தடுத்தீங்களாமே தம்பி. கடைசியா நல்லாத் தூங்குனாரா?"

ஜீவராஜ் கோப்பையை நிலத்தில் வைத்தான்.

"ஓம் அக்கா. நல்லாக் குறட்டை விட்டவர்."

அவளுக்கு அது போதும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், உள்ளே இருந்த பெண்களுக்கும் அதைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜீவராஜிடம் மட்டும் சொல்லியிருந்தார். அது குறட்டை இல்லையாம். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தவர் மூச்சுக்குத் தவித்த சத்தமாம். காலையில் அந்த நேரம் யாராவது உலுப்பிப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், ஆள் பிழைத்திருப்பாராம்.

ஜீவராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

கேற்றடியில் நின்ற கஜேந்திரன், மன்னிப்புக் கேட்டு அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான்.