மூன்று பேர் சொன்ன ஒரே வார்த்தை

"எதார்த்தமா கை பட்டுடுச்சு மேடம்," என்றான் தம்பி, மூன்றாவது முறையாக. அவன் ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் கதவிலேயே இருந்தன.

அண்ணனும் தம்பியும் பெயிண்டர்கள். அன்று காலை ஒரு கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு இருவரும் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது மாடி உயரத்துச் சாரத்திலிருந்து அண்ணன் கீழே விழுந்தான். மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பும் வலது காலும் தப்பவில்லை.

புகார் கொடுத்தவள் அண்ணனின் மனைவி. அண்ணனிடமே தொழில் கற்ற தம்பியை, போன வாரம் காண்டிராக்டர் அண்ணனுக்கு மேலே தலைமைப் பெயிண்டராக ஆக்கியிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் கூட இருக்கிறவரை தனக்கு மரியாதை வராது என்றுதான் தம்பி தள்ளிவிட்டான் என்று அவள் எழுதியே கொடுத்திருந்தாள்.

ஆய்வாளர் வேலையிடத்து மேஸ்திரியை விசாரித்தார். எதார்த்தமாக நடந்ததுதான் என்றார் அவர். கட்டிடத்து வாட்ச்மேனைக் கேட்டார். அவரும் எதார்த்தமாகத்தான் என்றார்.

அங்கேதான் ஆய்வாளருக்கு உறுத்தியது. இருபது வருடமாக இப்படி எத்தனையோ வாக்குமூலங்களை எழுதியவர் அவர். தெரியாமல் பட்டுவிட்டது என்பார்கள், தவறிப்போச்சு என்பார்கள், பாதியிலேயே அழுதுவிடுவார்கள். மூன்று வாயிலிருந்தும் ஒரே வார்த்தை அச்சு மாறாமல் வந்தால், அதில் எதார்த்தம் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் அதட்டியதும் வாட்ச்மேன் உடைந்துபோனார். தான் எதையும் நேரில் பார்க்கவே இல்லை என்றார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தம்பிதான் கையைப் பிடித்துக் கெஞ்சினான் என்றார். மேஸ்திரியும் தலையை ஆட்டினார்.

காலையில் போட்ட சட்டையோடுதான் தம்பி இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு உள்ளங்கை, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய, காய்ந்து கிடந்தது. விழப்போனவன் கடைசியாகத் தேடிய பிடிமானம் என்று ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

"சொல்லு. வேணும்னே தள்ளினியா?"

தம்பி கதவைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஏதாவது பேசினானா என்று மட்டும் கேட்டான்.

மாலையில் அண்ணனுக்கு நினைவு திரும்பிவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். கேட்டதும் தம்பியின் முகம் வெளிறிப்போனது. ஆய்வாளர் உள்ளே போக எழுந்ததும் குறுக்கே வந்து நின்றான்.

"அவர்கிட்ட எதுவும் கேக்க வேணாம் மேடம். நான்தான் தள்ளினேன்னு எழுதிக்குங்க."

அண்ணன் முகத்தில் விழிக்கப் பயம், வேறென்ன என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். அவனைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, தனியாக உள்ளே போனார்.

கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலருகே உட்கார்ந்தார். தம்பி ஒத்துக்கொண்டுவிட்டான், இனி யாருக்கும் பயப்பட வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"ஒத்துக்கிட்டானா?" என்றான் அண்ணன். கண்ணீர் காதோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"அவன் பிரஷ் கைதவறிப் பலகையில விழுந்துச்சு மேடம். அதை எடுக்க எதார்த்தமா குனிஞ்சான்," என்றான். "நான் அவனைத் தள்ளுன அதே நேரத்துல."