மாதம் ஒரு கல்

லைட்டரின் எஃகுச் சக்கரம் கல்லைச் சுரண்டும்போது தெறிக்கும் துகளே எரிந்து பொறியாகிறது. உரசாத கல் தேயாது. லைட்டர் பழுதுபார்த்தே தலை நரைத்த அவருக்கு இது தெரியாததன்று. மனைவி இறந்தபின் அவர் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. ஆயினும் அடுப்படியில் அவளுடைய லைட்டரில் மாதம் ஒரு கல் தேய்ந்தது. அவரும் வாய் திறவாமல் மாற்றி வைத்தார். காய்ச்சலில் படுத்ததால் இம்மாதம் மாற்றவில்லை.

பெரிய பெட்டியும் கையுமாக மகள் வந்தாள்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடுங்கப்பா. இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள், ஆளில்லாத அடுப்படியில் சக்கரம் மூன்று முறை வெறுமனே உரசியது. பிறகு ஒரு பாத்திரம் நங்கென்று வைக்கப்பட்டது.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"முதல்ல கல்லை மாத்திக் குடுங்கப்பா," என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மா கோவமா இருக்காங்க."