குழலுக்குப் பொருத்தமான தோட்டா

“பன்றி விழுற மாதிரி தோட்டா வேணும். அஞ்சு தந்தாப் போதும்.”

துவக்கு லைசன்ஸ் புத்தகத்தைத் தோட்டாக் கடையின் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, கிளெமென்ற் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். சட்டையில் ஜெனிற்றா என்று பெயர் குத்தியிருந்தது.

“முதலாளி இல்லையா, பிள்ளை?”

“அவர் மேல இருக்கிறார். தோட்டா விஷயம் எண்டா என்னட்டத்தான் கேக்கவேணும், அங்கிள்.” அவள் புத்தகத்தைப் புரட்டி, முகவரியை இரண்டு தரம் வாசித்தாள். “கொழும்பு டவுனுக்குள்ள, கொட்டாஞ்சேனையில எங்கால பன்றி?”

“பன்றி இல்லை, கள்ளன்.”

மூன்று கிழமையாக எவனோ ஒருவன் பக்கத்து மதிலால் ஏறிக் குதிக்கிறான். மதிலில் செருப்புத் தடம் இருக்கிறது, பூச்சட்டி ஒன்று உடைந்து கிடக்கிறது, ஆனால் ஒரு சாமானும் களவு போகவில்லை. வீட்டை நோட்டம் பார்க்கிறான் என்பது கிளெமென்ற்றின் தீர்ப்பு. அந்த மதிலை ஒட்டித்தான் மகள் ஷெரினின் அறை. ஒரே பிள்ளை. தடத்தைக் கண்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை வெளியே சொல்வாரா? தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆளாக முப்பது வருஷம் இருந்தவர் ஆயிற்றே.

“மகளின்ட ஜன்னல் பக்கம், பிள்ளை. இனிப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது.”

“துவக்கு எப்படிப்பட்டது, அங்கிள்?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. “ரெட்டைக் குழல், பன்னிரண்டு போர் அளவு. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகேக்க எங்கட அப்பாவுக்குக் குடுத்தது. குழல் முழுக்க அலை அலையா வரி ஓடும். இப்ப அப்படிச் செய்ய ஆள் இல்லை.”

“செய்யாததுக்குக் காரணம் இருக்கு. அது இரும்புப் பட்டியைச் சுத்திச் சுத்தி ஒட்டின குழல். அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்குச் செய்தது. இப்ப வாற தோட்டாவின்ட மருந்தை அது தாங்காது. கள்ளனுக்கு முதல் உங்கட கைதான் போகும்.”

கிளெமென்ற் தொண்டையைச் செருமினார். ஒரு பெட்டைப் பிள்ளையிடம் தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை.

“அதே துவக்குக்குப் புதுக் குழல் ஒண்டும் கிடக்கு. அதுக்கு ஒற்றைக் குண்டு போடலாமே?”

“அதின்ட வாய் அகலமோ, ஒடுங்கினதோ?”

“நல்லா ஒடுங்கினது.”

“அப்ப வேண்டாம். பெரிய குண்டு வாயில இறுகினா குழல் பிளக்கும்.”

“அப்ப எஸ்ஜித் தோட்டா?”

“அதில ஒன்பது குண்டு. கதவையும் துளைச்சுக்கொண்டு போகும். மதிலுக்கு அங்கால ஆர் இருக்கினம்?”

“தையல்காரர் வீடு. நாலு சின்னப் பிள்ளையள்.”

சொல்லி முடிக்கும்போதே கிளெமென்ற் தானாகவே இறங்கி வந்தார்.

“சரி, பொடிச் சன்னம். கொக்குக்குச் சுடுறது.”

“கிட்ட நிண்டு சுட்டா அதுவும் ஆளைக் கொல்லும், அங்கிள். வெறுங்கையோட நிண்டவனைச் சுட்டா பொலிஸ் விடுமா? ஷெரின் சோத்துப் பார்சலோட வெலிக்கடை ஜெயிலுக்குத்தான் வரவேண்டி இருக்கும்.”

“கொல்லமாட்டன். முழங்காலைப் பாத்துத்தான் அடிப்பன். பிறகு அவன் சீவியத்துக்கும் மதில் ஏறமாட்டான்.”

ஜெனிற்றா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு மிடறு குடித்தாள். தோட்டாக் கடையில் வேலை செய்துகொண்டு இவ்வளவு பயமா என்று கிளெமென்ற்றுக்குச் சிரிப்பு வந்தது. அவள் குனிந்து, அடித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள்.

“உங்கட குழலுக்கும் மதிலுக்கும் பொருத்தமானது இதுதான். உள்ள குண்டே இல்லை, சத்தம் மட்டும். வயல்ல குருவி கலைக்க எடுப்பினம்.”

“என்னைப் பாத்தாக் குருவி கலைக்கிற ஆள் மாதிரியா இருக்கு?”

“அது கள்ளனுக்குத் தெரியவா போகுது? ஒடுங்கின ஒழுங்கை, சந்து முழுக்கச் சத்தம் அதிரும். புதுக் குழலைப் பூட்டி, வானத்தைப் பாத்து ஒண்டு வையுங்கோ. முகத்துவாரக் கடற்கரை வரைக்கும் திரும்பிப் பாக்காம ஓடுவான்.”

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. கிளெமென்ற் அந்தத் தோட்டாவில் ஐந்து வாங்கிக்கொண்டு நடந்தார். “கடைப்பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் குழலுக்கு ஏத்ததாப் பாத்துத் தெரிஞ்செடுத்தனான்” என்று வீட்டில் மனைவி டோரினுக்குச் சொன்னார்.

ஆச்சரியம் என்னவென்றால், அன்றோடு கள்ளன் வரவு நின்றுபோனது. ஒரு தோட்டாகூட வெடிக்கத் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, “நான் தோட்டா வாங்கின கதை எப்படியோ அவன்ட காதுக்கு எட்டீட்டுது” என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சோறும் பழையபடி இறங்கியது.

மூன்றாம் ஞாயிறு பின்னேரம் கேற் மணி அடித்தது. கிளெமென்ற் திறந்தார். கேக் பெட்டியோடு ஜெனிற்றா நின்றாள். அவளுக்குப் பின்னால் சேலைத் தலைப்பைத் திருத்திக்கொண்டு ஓர் அம்மா, மடிப்புக் கலையாத சேட்டில் வியர்த்து வழிந்துகொண்டு ஓர் இளைஞன்.

“என்ன பிள்ளை, இப்ப வீடு வீடாக் கொண்டுவந்தும் தோட்டா விக்கிறீங்களோ?”

“இல்லை, அங்கிள். ஷெரினைப் பொம்பிளை கேட்டு வந்தனாங்கள்,” என்றாள் ஜெனிற்றா. “இவர் என்ர தம்பி. இவ்வளவு நாளும் மதிலாலதான் வந்தவர், கேற்றால வாறது இண்டைக்குத்தான் முதல் தரம்.”