அளவு தப்பிய மேடை

"இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. அப்புறம் பாக்கணும்னா கிடைக்காது" என்றார் கணவர், துவைக்கும் அறையின் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து எட்டிப் பார்த்தபடி.

"யார் இடிக்கப் போறது?" உள்ளே முட்டி போட்டு, டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொத்தனார் இன்னும் அரை மணியில வந்துடுவார். நாம பேசினது ஞாபகம் இருக்கில்ல?"

"எனக்கு இருக்கு. நீங்க மறக்காம இருந்தாச் சரி."

பேசியது இதுதான். சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்தப் பொந்தில் சுவர் உதிரும், குழாய் ஒழுகும், வாஷிங் மெஷின் துணி பிழியும்போது குதித்துக் குதித்துக் கதவுவரை நடந்தே வந்துவிடும். "ஆள் விட்டுச் செஞ்சுடலாம்" என்று இருபத்தெட்டு வருஷமாகக் கணவர் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவருக்கு ரிட்டயர்மெண்டே வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை.

"அப்போ நானே செய்யறேன்" என்று அவள் சொன்ன அன்று கணவர் சிரித்த சிரிப்பு எதிர்வீடுவரை கேட்டது. எதிர்வீட்டுக்கு எதுதான் கேட்காது?

"செய். ஆனா கடைசியில கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவர் ஒரே ஒரு குறை சொன்னாலும் மொத்தத்தையும் இடிச்சுட்டு அவரே கட்டுவார். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"குறையே இல்லேன்னா?"

"நீ என்ன சொன்னாலும் நான் கேக்கறேன். போதுமா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்து நின்ற எதிர்வீட்டு அம்மாளை வைத்துக்கொண்டு பேசியதால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அப்புறம் மூன்று வாரம். வாளியில் செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சுவரைச் சுரண்டினாள், பட்டி பார்த்தாள், டைல்ஸ் ஒட்டினாள். சந்தேகம் வந்தபோதெல்லாம் டைல்ஸ் கடைக்கு ஓடினாள். கடை வாசலில் படுத்திருக்கும் நாய் அவளைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டது.

"சும்மாதான் வந்தேன்" என்று நுழைந்தார் எதிர்வீட்டு அம்மாள். கொத்தனார் வரும் நேரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பது வீண். நேராக மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த துணி மடிக்கும் மேடைக்குப் போனார். "ஏன் அக்கா, இது மேடையா, மதில் சுவரா? துணி மடிக்க ஏணி போட்டு ஏறுவீங்களோ?"

"நல்லாக் கேளுங்கம்மா" என்றார் கணவர். "டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருப்பா. நான் அன்னிக்கே சொன்னேன், அரையடி குறைன்னு."

"குறைக்க மாட்டேன். அதுல ஒரு டைல்ஸ்கூடப் பெயராது."

"தப்புன்னு தெரிஞ்சும் பிடிவாதமா?"

"தப்புன்னு யாருக்குத் தெரிஞ்சுது?"

கொத்தனார் வந்தார். விரல் முட்டியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்தார். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது வேறெங்கும் போகாமல் சாக்கடைக் குழிக்கே ஓடிற்று. மேடைமேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது.

"யார் கைவேலை இது?"

"என் கைதான்."

"எங்கிட்ட இருக்கிற பயலுங்க வெக்கப்படணும்மா" என்றவர் மேடையருகே அவளை நிற்கச் சொன்னார். பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஆனா இங்க கோட்டை விட்டுட்டீங்களே. நிக்கிற ஆளோட முழங்கைக்கு நாலு விரல் கீழ மேடை இருக்கணும். உங்களுக்கு நெஞ்சு வரைக்கும் வருது. மேல சோப்புப் பவுடர் டப்பா வெக்கிற பலகை கைக்கே எட்டாது."

"குறை! குறை சொல்லிட்டார்!" கணவர் கைதட்டாத குறைதான். "சுத்தியல் கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஐயோ பாவம்" என்றார் எதிர்வீட்டு அம்மாள். அந்த முகத்தில் அத்தனை மலர்ச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மனைவி அசரவில்லை. நகக்கண்ணில் ஒட்டிய சிமெண்டை நிதானமாகக் கழுவினாள்.

"நாலு விரல் கீழன்னு சொன்னீங்க இல்ல? மேடையில தப்பு இல்லை. நீங்க நிக்க வெச்ச ஆள் தப்பு. இவரை நிக்க வெச்சுப் பாருங்க."

"என்னையா? எதுக்கு?" என்ற கணவரைக் கொத்தனாரே தோளைப் பிடித்து மேடை முன்னால் நிறுத்தினார். முழங்கைக்கும் மேடைக்கும் நடுவில் விரல்களை நுழைத்தார். நாலு விரல். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பவுடர் பலகை அவர் கை நீட்டிய இடத்தில் இருந்தது.

"குறை ஒண்ணும் இல்ல சார்" என்றார் கொத்தனார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கண்ணாடி முன்னாடி நின்னு ஷேவ் பண்ணிட்டிருந்தீங்க, பின்னால நின்னு அளந்துட்டேன்" என்றாள் மனைவி. "நாளையிலேர்ந்து எனக்கு அந்த டைல்ஸ் கடையில வேலை, காலையில ஒன்பது மணிக்கே போயிடணும். நீங்க வெள்ளைத் துணியையும் கலர் துணியையும் மட்டும் சேர்த்துப் போட்டுடாதீங்க."