ராசியில்லாத ஓட்டு

"இந்தத் தடவை மட்டும் நம்ம கட்சிக்கு ஓட்டுப் போட்டுடாதீங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

கட்சியின் நகரப் பொறுப்பாளர் குருமூர்த்தி, பெரம்பலூர் கடைவீதியில் இருக்கும் பூமாலையின் ஹார்டுவேர் கடையில் நின்று கும்பிட்டார்.

பூமாலை கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார். "என்ன தம்பி இது? ஓட்டுப் போடச் சொல்லி வருவாங்க, பார்த்திருக்கேன். போடாதேன்னு கேட்டு, அதுவும் சொந்தக் கட்சிக்காரனே வர்றது இப்பத்தான்!"

"கோவப்படாம கேளுங்க. 2009ல நம்ம தொகுதியை வெட்டி ஒட்டிப் புதுசாக்கினாங்க. அதுலேருந்து மூணு எம்.பி. எலெக்‌ஷன் வந்துடுச்சு. ஒவ்வொண்ணுலயும் விரல்ல மையோட ஆபீசுக்கு வந்து, 'போட்டாச்சு, இந்தத் தடவை நாமதான்'னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"என்ன ஆச்சு?"

"தோத்தோம்."

"டெபாசிட்டும் போச்சு. போன வருஷம் வியாபாரிங்க சங்கத் தேர்தல்ல நீங்க காய்ச்சல்ல படுத்துட்டீங்க. நம்ம ஆளு ஜெயிச்சாரு. வேட்பாளரோட ஜோசியர் இதையெல்லாம் கேட்டுட்டு, அந்தக் கைய மட்டும் மிஷின்ல பட விடாதீங்கன்னுட்டாரு."

பூமாலையின் முகம் சுண்டிப்போனது. தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம் நட்டவர் அவர். கயிறும் பெயிண்ட்டும் அவருடைய கடைச் சரக்குதான்.

"கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கறப்ப மட்டும் இந்தக் கை ராசியா இருந்துச்சாக்கும்?"

குருமூர்த்தி கீழே இருந்த பெயிண்ட் டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பூமாலையின் மனைவி பொன்னாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, வாயைத் தொறந்து சொல்லுங்களேன். இந்தப் பழி உங்களுக்கு எதுக்கு?"

"நீ சும்மா இரு" என்றார் பூமாலை. குருமூர்த்தி பக்கம் திரும்பி, "சரி தம்பி. பெரம்பலூர் தொகுதியில என் கையால ஒரு ஓட்டு விழாது. போதுமா?" என்றார்.

"வார்த்தை மட்டும் போதாதுண்ணே. அன்னைக்கு நீங்க ஊர்லயே இருக்கக் கூடாதுன்னு வேட்பாளர் சொல்லிட்டாரு. ஏ.சி. கார் தர்றோம். எங்க வேணா போயிட்டு வாங்க."

பூமாலை மனைவியைப் பார்த்தார். "திருமழபாடி கோயிலுக்குப் போவணும்னு இவ ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா."

"ஜோராப் போவலாம்! துணைக்கு நானே வர்றேன்."

துணை என்றால் காவல் என்பது பூமாலைக்குப் புரிந்தது. தலையாட்டினார்.

தேர்தல் நாளன்று விடிவதற்கு முன்பே கார் வந்துவிட்டது. குருமூர்த்தி முன் சீட்டில் உட்கார்ந்தார். திருமழபாடியில் பொன்னாயி நிதானமாகச் சாமி கும்பிட்டாள். பூமாலை கொள்ளிடத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். குருமூர்த்தி கரையில் நின்று அதைப் போட்டோ எடுத்து, 'ஆள் ஆத்துலதான் இருக்காரு' என்று வேட்பாளருக்கு அனுப்பினார். உடனே வேட்பாளர் மாலையும் கழுத்துமாகச் சிரிக்கும் படம் ஒன்று பதிலாக வந்தது.

மத்தியானம் சாப்பாடு. அப்புறம் பிரகாரத்தில் ஒரு தூக்கம். பூமாலை புரண்டு படுத்தபோதெல்லாம் குருமூர்த்தி திடுக்கிட்டு எழுந்து பார்த்தார்.

வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். கீழப்பழுவூர் வந்தபோது, "தம்பி, இதான் எங்க சொந்த ஊரு. அண்ணன் வூட்டுல தலையைக் காட்டிட்டு வந்துடுறோம்" என்றார் பூமாலை.

குருமூர்த்தி வாட்சைப் பார்த்தார். இனிமேல் கார் பறந்தாலும் ஓட்டுப்பதிவு முடிவதற்குள் பெரம்பலூர் போய்ச் சேர முடியாது. வந்த வேலை முடிந்துவிட்டது.

"தாராளமாப் போயிட்டு வாங்கண்ணே!" சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கதவு திறக்கும் சத்தத்தில் விழித்தபோது பூமாலையும் பொன்னாயியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பூமாலையின் இடது கை ஆள்காட்டி விரலில் ஈரம் காயாத மை.

"அண்ணே!" குருமூர்த்தி அலறினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? யாருக்குப் போட்டீங்க?"

"பதறாதீங்க தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் ஓட்டு இங்கதான். பெரம்பலூருக்கு மாத்தவே இல்ல. 2009ல தொகுதியை வெட்டினாங்கல்ல, அப்பவே எங்க அரியலூர்ப் பக்கத்தைத் தூக்கிச் சிதம்பரத்தோட சேர்த்துட்டாங்க. காலையில இங்க வந்து போட்டுட்டு, மத்தியானம் பஸ் ஏறி நம்ம ஆபீசுக்கு வருவேன். பெரம்பலூர் எம்.பி.க்கு நான் ஓட்டுப் போட்டே இருபது வருஷம் ஆவுது."

குருமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"ஓட்டு எங்க இருக்குன்னு நீங்க எங்க கேட்டீங்க? போடாதேன்னுதானே கேட்டீங்க."

"அப்ப நாம மூணு தடவை தோத்தது உங்க கையால இல்லையா?"

"இல்லவே இல்ல" என்ற பொன்னாயி, முன் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஆமா தம்பி, அந்த மூணு தடவையும் நீங்க பெரம்பலூர்லதானே ஓட்டுப் போட்டீங்க?"

"ஒரு தடவைகூடத் தவறினதில்ல அண்ணி!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன குருமூர்த்தி, சட்டென்று தன் வெறும் விரலைப் பார்த்தார். அப்புறம் வாட்சைப் பார்த்தார். முகம் வெளிறியது.

பூமாலை அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "விடுங்க தம்பி, இந்தத் தடவை ஜெயிச்சுடுவோம்!"