மூக்கு நுனியில் இரண்டு விரல்கள்

"தொடுறதுக்கு முன்னாடியே துள்ளுறீங்களே தம்பி! என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

ஹெட்விக் அம்மா கேட்டதற்கு, படுத்தபடியே இல்லையென்று தலையசைத்தான் கொர்பினியன். ஆவி பிடித்து ஊறிய முகம். கண்களின்மேல் ஈரப்பஞ்சு.

சொன்னார்கள்தான். சொன்னது யார் என்பதைக் கழுத்தில் கத்தி வைத்தாலும் அவன் வெளியே விடக்கூடாது. அவன் வேலையின் சட்டம் அப்படி.

சங்கதி இதுதான்: பிடிக்காத ஆள் மாட்டினால் ஹெட்விக் அம்மா வேண்டுமென்றே ஓர் அழுத்து கூடுதலாக அழுத்துவாள்.

பாஸாவ் நகரத்தில் தெரிந்தவர் கண்ணில் படாத சந்து என்றுதான் இந்த பியூட்டி பார்லருக்கு வந்தான். வாசலில் அவள் குரலைக் கேட்ட பிறகுதான் ஆள் யாரென்று உறைத்தது. அதற்குள் அவள் அவனுடைய கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டாள்.

ஓடவும் முடியாது. நாளைக் காலை ஊரே கூடியிருக்க, அவன் முதல்முறையாக எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். மூக்கு முழுக்கக் கரும்புள்ளி. மூக்கோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பருக்கள்.

விரல்களில் மெல்லிய காகிதத்தைச் சுற்றிக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

வலிக்கவே இல்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மத்தவங்க பேசுறதைக் கேக்குற வேலை."

"டெலிபோன் கம்பெனியா?"

"கிட்டத்தட்ட."

அவளுக்குத் தன்னைப் பிடித்துவிட்டது என்று கொர்பினியன் நிம்மதியானான். இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. அவள் ஊர்க்கதை பேசத் தொடங்கினாள். பேக்கரிக்காரி கன்னத்தில் எத்தனை அடுக்கு மாவு பூசுகிறாள், ஊசியைக் காட்டினாலே பேங்க் மேனேஜர் எப்படி அம்மாவைக் கூப்பிடுகிறார், எல்லாம் வந்தது. வெதுவெதுப்பான துண்டு, ரோஜா வாசனை, முணுமுணுவென்று ஒரு பெண்குரல். அவனுக்குக் கண் சொக்கியது.

அந்தச் சொக்கலில், வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டான்:

"ம்ம்... வேற ஏதாவது உண்டா, மகளே?"

விரல்கள் நின்றன.

அவனைப் பெற்றவளைவிட அவளுக்கு வயது அதிகம்.

கடையில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பழைய காகிதத்தை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றும் சரசரப்பு. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக.

பஞ்சுக்கடியில் கொர்பினியன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

மூக்கு நுனியில் இரண்டு விரல்கள் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வந்து உட்கார்ந்தன.

"பாவமன்னிப்புக் கூண்டுல மரச்சல்லடைக்குப் பின்னால முகம் தெரியாட்டி என்ன, குரல் மறந்துபோகுமா?" ஹெட்விக் அம்மாவின் பேச்சில் தேன் ஒழுகியது. "அந்தச் சின்னப் பாவத்துக்குப் போய்ப் பத்து ஜெபமாலையா, சாமி?"