தோளில் சாய்ந்தவள்

"வீட்டுலயே நான் இந்த மனுஷனுக்கு அடங்கினதில்ல. மேடையில அவர் தோள்ல சாஞ்சு மன்னிப்புக் கேக்கணுமா? நிமிர்ந்து நின்னுதான் கேப்பேன்."

ஒத்திகை முழுக்க நாயகி முரண்டு பிடித்தாள். கதாநாயகனாக நடித்த அவள் கணவர் சிரித்தபடி இருந்தார். அடங்காத மனைவி கடைசியில் அடங்குவதுதான் அந்தப் பழைய நகைச்சுவை நாடகமே. இயக்குநர் தலையில் கைவைத்தார்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள் அவளே வந்தாள்.

"சாயறேன் சார். திரை விழற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"ஒருவழியா மனசு மாறினீங்களேம்மா!"

மறுநாள், நீல வெளிச்சம் கனவுபோல மெல்லக் கவிய, அவள் தன் கணவரின் தோளில் முகம் புதைத்தாள். அரங்கமே சொக்கிக் கிடந்தது. திரையோரம் நின்ற இயக்குநருக்கு மட்டும் அவள் கிசுகிசுப்பு கேட்டது.

"வசனம் மறந்துபோனா என்ன, நான் இருக்கேன்ல? சொல்லுங்க... 'பெண்ணே, உன்னை மன்னித்தேன்.'"

"பெண்ணே, உன்னை மன்னித்தேன்!" என்று முழங்கினார் கணவர்.